கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் மாயெஸ்த்ரோ

இத்தாலியின் பலெர்மோவிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, பள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இவரும் கணவரும் ஈழத்திலிருந்து போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. இவருக்கு ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கணவருக்கு உணவகச் சமையலறையில் வேலை. ஒரே மகன். அங்கேயே பிறந்தவன், போன மாதம் 18 வயது முடிந்தது. லிச்செயோவில் (மேல்நிலைப் பள்ளியில்) கடைசி வருடம். ஒன்பது வயதில் பள்ளியில் வயலின் கேட்டுப் போயிருக்கிறான். வயலினெல்லாம் தீர்ந்துபோய் வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வியோலா ஒன்றுதான் மிச்சமிருந்தது. (வியோலாக்காரர்களில் பாதிப் பேருடைய கதை இதுதான்.) நன்றாகவே வாசிக்கிறான், ஆசிரியருக்கு அவன்மேல் நம்பிக்கை. மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டிய நேரத்தில் சிக்கல் தொடங்கியிருக்கிறது.

"இப்ப வியோலாவைத் தொடுறதே குறைவு. அறைக்கதவைப் பூட்டிப்போட்டு, கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு, பாட்டைப் போட்டுவிட்டுக் கம்பை வீசுறான். ஆர்க்கெஸ்ட்ரா நடத்துற ஆளா வரப்போறானாம். அபாதோ எண்டு ஒருவர், செத்துப்போனவர், அவற்றை வீடியோவை எத்தினை தரம் பார்த்திருப்பான் எண்டு கணக்கில்லை. தன்ரை வீடியோவையும் எடுத்துப் போட்டு, ஒன்பதாயிரம் பேர் பின்தொடருகினம் எண்டு காட்டினான். ஊரிலை மாமிக்குச் சொன்னால், பஸ் கொண்டக்டர் வேலைக்கோ இவ்வளவு படிப்பு எண்டு கேக்கிறா."

தந்தை மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். நண்பர்களோடு வாசிக்கும் நால்வர் குழுவில் மகன் கத்திச் சண்டை போட்டு இரண்டு பேர் விலகிவிட்டார்கள். கேட்டால், "தோஸ்கனினியும் கத்தினவர்தான்" என்று அந்தக் காலத்துப் பெரிய கண்டக்டர் ஒருவரைக் காட்டுகிறானாம். இப்போது கோடையில் வேறு நாட்டில் நடக்கும் ஆறு நாள் பயிற்சி ஒன்றுக்கு 3,500 யூரோ கேட்கிறான். முழு ஆர்க்கெஸ்ட்ரா முன்னால் நிற்கலாம், கடைசியில் வீடியோ கிடைக்கும், ஏஜெண்டுகள் பார்ப்பார்கள் என்பது விளம்பரம். தாயிடம் சீட்டு எடுத்த காசு இருக்கிறது. அதைக் கொடுப்பதா? இது சோறு போடும் தொழிலா? நீளப் பெயரும் கறுத்தத் தோலுமாக நம் பிள்ளைக்கு அந்த உலகத்தில் இடம் தருவார்களா? வியோலாவை விட்டுவிட்டு இதற்கே போகட்டும் என்று விடலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

படிப்பும் தொழிலும் பற்றி இளையவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவில், இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் இருந்திருக்கிறேன். ஆகவே அரங்கில் இருப்பவர்கள் பார்க்காத பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். கண்டக்டரின் முகத்தைச் சொல்கிறேன்.

அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரிவது அவர் முதுகு. கோட்டு, தலைமுடி, காற்றில் போகும் கை. எதிரே உட்கார்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரிவது முகம். அடுத்த வரியில் என்ன வரப்போகிறது என்று இந்த ஆளுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது முதல் பத்து நிமிடத்திலேயே அந்த முகத்தில் எழுதியிருக்கும். புகழ் முதுகுப் பக்கத்திலிருந்து வருவதுபோலத்தான் தோன்றும். ஆனால் ஒரு கண்டக்டரின் தொழில் எவ்வளவு தூரம் போகும் என்று முடிவு செய்கிறவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறார்கள். மாமி கேட்ட பஸ் கதையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: வண்டியை ஓட்டுவது வேறு ஆட்கள்!

கண்ணாடி கற்றுக்கொடுக்காதது

அறைக்குள் அவன் செய்வது வெட்டி வேலை என்று அப்பா நினைக்கிறார். அப்படி நினைக்க வேண்டாம், கை பழக வேண்டும். ஆனால் அதில் ஒரு பிசகு இருக்கிறது, அதை அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். பதிவான இசைக்குக் கை வீசும்போது இசை முன்னால் போகிறது, கை அதன் பின்னால் ஓடுகிறது. நிஜத்தில் கைதான் முன்னால் போக வேண்டும். கம்பு மேலே எழும்புகிற அந்த ஒரு அசைவுக்கு இத்தாலியில் 'லெவாரே' என்று பெயர். வேகம், சத்தத்தின் அளவு, தொடக்கம் மிருதுவா கூர்மையா என்பது எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். குழலும் கொம்பும் ஊதுகிறவர்கள் அந்த அசைவோடு சேர்ந்துதான் மூச்சை எடுக்கிறார்கள்.

பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் கம்பு கீழே வந்து ஒரு கணம் கழித்துத்தான் ஒலி எழும்பும். புதிதாக ஏறி நிற்பவர் அந்த ஒரு கணத்தில் பயந்துவிடுவார். ஒலிக்காகக் காத்துக் கையை இழுப்பார். அவர் இழுக்க இவர்கள் இழுக்க, மூன்று நிமிடத்தில் பாட்டு படுத்துவிடும். அப்படிப் படுத்த பாட்டுக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை எங்கள் குழுவுக்கு மிக அழகாகக் கை வீசும் இளைஞர் ஒருவர் வந்தார். முதல் பாதி தட்டுத் தடுமாறியது. இடைவேளைக்குப் பிறகு, யாரும் யாருக்கும் சொல்லாமலே, நாங்கள் எல்லோரும் முதல் வயலின்காரரின் வில்லைப் பார்த்து வாசித்தோம். நிகழ்ச்சி நன்றாகப் போனது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த இளைஞர் கடைசிவரை எதையும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை.

மகனின் ஒன்பதாயிரம் பேரும் அந்தக் கூட்டத்தைப் போன்றவர்கள். நல்லவர்கள், ஆனால் முதுகைப் பார்க்கிறவர்கள்.

வியோலா நாற்காலி

வியோலாவை விடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடவே கூடாது. இதை உங்கள் பக்கம் நின்று சொல்கிறேன் என்று அவன் நினைத்துவிடுவான். அதனால் அவனுடைய ஆட்களையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

ஆர்தூரோ தோஸ்கனினி பார்மா நகரத்துத் தையற்காரர் மகன், செல்லோ வாசித்தவர். 1886 ஜூன் 30, ரியோ டி ஜெனீரோ. இத்தாலியிலிருந்து போன ஓப்பரா (இசை நாடக) குழு அன்று 'ஆயீதா' போடுகிறது. கண்டக்டர் விலகிவிட்டார், பதிலுக்கு ஏறியவரைக் கூட்டம் கூச்சல் போட்டு இறக்கிவிட்டது. இந்தச் செல்லோப் பையனுக்கு முழு ஓப்பராவும் மனப்பாடம் என்று தெரிந்த சகாக்கள் அவரைத் தள்ளிவிட்டார்கள். வயது 19. புத்தகத்தைப் பார்க்காமலே நடத்தி முடித்தார். இந்தக் கதை உங்கள் மகனுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஊர் திரும்பி, அதே நவம்பரில் தூரினில் ஒரு ஓப்பரா நடத்திப் பாராட்டும் வாங்கினார். 1887 பிப்ரவரியில் மிலானின் லா ஸ்காலா ஓப்பரா அரங்கில் இசையமைப்பாளர் வெர்தியின் 'ஒத்தெல்லோ' முதல்முறையாக மேடையேறியது. அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வரிசையில் தோஸ்கனினி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் என்று பெயர் எடுத்த பிறகு, மறுபடியும் வில்லைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்! ஒத்திகைக்கு வரும் வெர்தி என்ன கேட்கிறார் என்பதை அங்கிருந்து கேட்கலாமே.

இன்னொருவர் உங்கள் வீட்டுக் கதைக்கு இன்னும் கிட்ட வருகிறார். கார்லோ மரியா ஜூலினி 1914இல் பார்லெத்தாவில் பிறந்தவர், ரோமில் வியோலா படித்தவர். வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்க வேண்டுமென்று 18 வயதில் சாந்தா செச்சீலியா ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தேர்வு கொடுத்தார். கிடைத்தது வியோலா வரிசையின் கடைசி இடம். அந்த இடத்திலிருந்து ஃபுர்ட்வாங்லர், ப்ரூனோ வால்டர், கிளெம்பெரர் என்று அந்தக் காலத்துப் பெரிய கைகளுக்குக் கீழே வாசித்தார். போரில் சுட மனமில்லாமல் ரோமில் ஒரு சுரங்க வழிக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தார். 1944இல் நகரம் விடுதலையானபின் அந்த ஆர்க்கெஸ்ட்ரா கொடுத்த முதல் கச்சேரியை நடத்தியது இவர்தான். அப்போது வயது 30. வியோலா நாற்காலியிலிருந்து கண்டக்டர் நிற்கும் பலகைக்கு வரப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. உங்கள் மகன் கையில் இருப்பது அதே வாத்தியம், வயதும் அதே 18.

சரி, அபாதோ? அவன் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2010இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் நடந்த மாலரின் ஒன்பதாவது சிம்பொனியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். கடைசிச் சுரம் அடங்கிய பிறகு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருவரும் கைதட்டாமல் இருந்த கச்சேரி அது. அவரைப் பற்றி உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு தகவல்: க்ளாவ்தியோ அபாதோ பிறந்தது மிலானில், 1933இல், ஆனால் அவருடைய தாய் உங்கள் பலெர்மோக் குடும்பத்தவர். போர்க்காலத்தில் ஒரு யூதப் பிள்ளையை மறைத்துவைத்ததற்காகச் சிறைக்குப் போனவர் அந்த அம்மா.

அபாதோ மிலானில் பியானோ படித்து முடித்து, கண்டக்டிங் படிக்க வியன்னா போனார். அங்கே கரயான், வால்டர் போன்றவர்களின் ஒத்திகைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். அபாதோவும் அவரோடு படித்த ஒரு பம்பாய்ப் பையனும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோரஸில் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். பாஸ் குரல் வரிசையில் நின்று, பாடுகிற சாக்கில் கண்டக்டர்களின் கையையும் முகத்தையும் பார்த்தார்கள். அதற்கப்புறமும் சில வருடம் பார்மாவில் இசை சொல்லிக்கொடுத்துத்தான் பிழைத்தார். நியூயார்க்கில் கண்டக்டர்களுக்கான மித்ரோபூலோஸ் போட்டியில் பரிசு கிடைத்தது 1963இல், முப்பதை ஒட்டிய வயதில். அதுவும் மூன்று பேரில் ஒருவராக. சால்ஸ்புர்க்கில் வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியது 1965இல்.

கத்துகிறவருக்கு ஓட்டு விழாது

தோஸ்கனினி கத்தினவர்தான், மறுக்கவில்லை. கம்பை உடைப்பார், ஒத்திகையில் அவர் போட்ட சத்தத்தின் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் வாசிப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. கண் பார்வை மோசமானவர், அதனால் மொத்த இசையையும் மனதில் வைத்திருந்தார். எழுபது, எண்பது பேர் வாசிக்கும்போது ஒருவர் தவறினால் யார் என்று தெரியும். நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் நிமிர்ந்தும் நின்றார்: 1931இல் பொலோஞ்ஞாவில் ஃபாசிஸ்டுகளின் பாட்டை வாசிக்க மறுத்து அவர்களிடம் அடி வாங்கினார். அந்தக் காதும் அந்த முதுகெலும்பும் இல்லாமல் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், உங்கள் மகனுக்கு நடந்ததுதான் நடக்கும். நால்வரில் இருவர் போய்விடுவார்கள். தவிர இது வேறு காலம். இன்று எந்த ஓப்பரா அரங்கிலும் ஒத்திகையில் கம்பை எறிந்தால் மறுநாள் தொழிற்சங்கத்தின் கடிதம் வரும்.

ரிக்கார்தோ மூத்தியின் கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள். நேபிள்ஸில் பிறந்து மோல்ஃபெத்தாவில் வளர்ந்தவர், 1986 முதல் லா ஸ்காலாவின் இசை இயக்குநர். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரியைப் பல முறை நடத்தியதால் டிவி பார்க்கிற சிஞ்ஞோராக்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். உங்கள் சிஞ்ஞோராவிடம் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவருக்கு எதிராக 2005 மார்ச்சில் அரங்கின் ஊழியர்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் கூடிப் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். நிர்வாகத் தகராறும் அதில் கலந்திருந்தது, எல்லாப் பழியும் ஒருவர் தலையில் இல்லை. ஆனால் 19 வருடம் இருந்த இடத்தைவிட்டு ஏப்ரலில் அவர் போக வேண்டியதாயிற்று. கூட்டத்துக்கு அவர்மேல் இருந்த பிரியம் அன்று அவருக்கு உதவவில்லை. அப்புறம் 2010இல் சிக்காகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அவரைத் தன் இசை இயக்குநர் ஆக்கிக்கொண்டது. அங்கே 2023 வரை இருந்தார்.

அபாதோ பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குக்குப் போனது எப்படி தெரியுமா? அங்கே தலைமைக் கண்டக்டரை வாசிப்பவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1989 அக்டோபரில் அவர்கள் அபாதோவைத் தேர்ந்தார்கள். ஒத்திகையில் அதிகம் பேசமாட்டார், ஒருவரையொருவர் கேட்டு வாசியுங்கள் என்பார். மாயெஸ்த்ரோ என்று கூப்பிட வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள் என்பார். சத்தமில்லாத ஒத்திகை சிலருக்கு அலுப்பாக இருந்ததும் உண்மை. புற்றுநோய் வந்து பிழைத்தபின் 2003இல் லூசெர்னில் அவர் கூட்டிய ஆர்க்கெஸ்ட்ராவில், மற்ற குழுக்களில் முதல் நாற்காலியில் இருப்பவர்களெல்லாம் தங்கள் கோடை விடுமுறையில் வந்து உட்கார்ந்தார்கள். மகன் பார்க்கும் வீடியோவில் இருப்பது அவர்கள்தான். அடுத்த முறை அதை ஓடவிடும்போது அபாதோவை விட்டுவிட்டு வியோலா வரிசையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

2014 ஜனவரியில் அவர் இறந்தபோது லா ஸ்காலாவுக்குள் ஒரு பார்வையாளரையும் விடாமல், கதவுகளைத் திறந்துவைத்து, பேத்தோவனின் மூன்றாவது சிம்பொனியின் சவ ஊர்வலப் பகுதியை வாசித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே சதுக்கத்தில் குளிரில் நின்று கேட்டார்கள். 1957இல் தோஸ்கனினிக்கும் அதே அரங்கு அப்படித்தான் செய்தது. புகழ் என்று நான் எண்ணுவது இதைத்தான்.

நீளப் பெயர்

இடம் தருவார்களா என்று கேட்டீர்கள். சொந்தக்காரர்கள் இருந்தால் வழி சுலபம் என்பதை நான் மூடி மறைக்க மாட்டேன். அபாதோவின் தந்தை வயலின் பேராசிரியர், இன்னொரு கண்டக்டரான ரிக்கார்தோ ஷாய்யியின் தந்தை இசையமைப்பாளர். ஆனால் தோஸ்கனினியின் வீடு தையல் கடை.

அந்தோனியோ பப்பானோவின் வீடு இன்னும் கிட்ட. அவர் பெற்றோர் பெனவெந்தோப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர்கள், அங்கே உணவகங்களில் வேலை பார்த்தார்கள். மகன் 1959இல் அங்கே பிறந்தார். தந்தை ஓய்வு நேரத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், பத்து வயது மகன் பியானோவில் உட்கார்ந்து கூடவே வாசிப்பான். பிறகு ஓப்பரா ஒத்திகைகளில் பியானோ வாசித்து வாசித்தே மேலே வந்தவர் லண்டன் ராயல் ஓப்பராவை 2002 முதல் 2024 வரை நடத்தினார், ரோமின் சாந்தா செச்சீலியாவையும் 2005 முதல் 2023 வரை. உங்கள் கணவர் பேச்சைத் திரும்ப ஆரம்பிக்க இது ஒரு நல்ல சாக்கு என்று நினைக்கிறேன்.

தோலைப் பற்றிக் கேட்டதற்கு: வியன்னா கோரஸில் அபாதோவோடு நின்ற அந்தப் பம்பாய்ப் பையன் சுபின் மேத்தா. ஃபிரென்சேயின் (ஃப்ளோரன்ஸ் நகரின்) மாஜ்ஜோ முசிக்காலே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 1985 முதல் 2017 வரை தலைமைக் கண்டக்டராக இருந்தவர். இதனால் பாகுபாடே இல்லை என்று சொல்ல வரவில்லை. உங்கள் மகனுக்கு அது நேரும். ஆனால் கதவு மூடியிருக்கிறது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

சோறு போடுமா என்பதில் நிலைமை கடினம். இத்தாலியில் தேசிய அந்தஸ்துள்ள பெரிய ஓப்பரா-சிம்பொனி நிறுவனங்கள் 14. உங்கள் ஊர் தியாத்ரோ மாஸ்ஸிமோ அதில் ஒன்று. ஒவ்வொன்றிலும் இசை இயக்குநர் என்று ஒருவருக்குத்தான் இடம். மற்றவர்கள் விருந்தினராக வந்து போகிறவர்கள், வேலை இருந்தால் காசு. கண்டக்டிங் படித்தவர்களில் பெரும்பாலோர் வாழ்வது ஒத்திகைப் பியானோ, கோரஸ் பயிற்சி, பள்ளி ஆசிரியர் வேலை, பந்தா என்கிற ஊர் ஊதுவாத்தியக் குழு ஆகியவற்றால். சிசிலியில் திருவிழாவுக்குத் திருவிழா பந்தா வாசிக்கும் ஊர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும், அவற்றுக்கும் நடத்த ஆள் வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவில் நிரந்தர இடம் பிடித்த வியோலாக்காரருக்கு மாதச் சம்பளம் உண்டு. அப்பாவின் பயத்துக்கு இந்த ஒரு வரி மருந்தாகலாம்.

அந்த 3,500 யூரோ

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தைப் படித்தேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 நிமிடம் மேடை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆறு நாளைக்கு 90 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 39 யூரோ, பயணமும் சாப்பாடும் தனி. இதை மோசடி என்று சொல்லமாட்டேன். காசு கொடுத்து ஆர்க்கெஸ்ட்ராவை வாடகைக்கு எடுப்பது ஏற்கெனவே நாலைந்து வருடம் படித்தவருக்கு உதவும். மகன் இன்னும் அந்த இடத்தில் இல்லை. ஏஜெண்டுகள் பார்ப்பார்கள் என்ற வரிக்கு எந்தப் பெயரும் இல்லை, எந்த உறுதியும் இல்லை. அந்த வீடியோவிலும் நாம் பார்க்கப்போவது முதுகையும் முகத்தையும்தான், வாசிப்பவர்கள் யாரைப் பார்த்து வாசித்தார்கள் என்பது அதில் வராது. என் ஆலோசனை, இந்த வருடம் கொடுக்காதீர்கள்.

அவனுக்கு ஆசை தணியாவிட்டால், நாட்டுக்குள்ளேயே நல்ல பயிற்சி வகுப்புகள் பலவற்றில் 'ஊதித்தோரே' என்று, உட்கார்ந்து கேட்க மட்டும் அனுமதி உண்டு. செலவு மிகக் குறைவு. அபாதோவும் மேத்தாவும் முதலில் சந்தித்ததே சியெனாவில், 1956 கோடை வகுப்பில்தான். மூத்தி ராவென்னாவில் 2015இல் ஆரம்பித்த ஓப்பரா அகாடமியில் ஒத்திகைகளைப் பொதுமக்களும் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் பியானோ என்ற சொல்லே வரவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. கண்டக்டிங் வகுப்புக்கான நுழைவுத் தேர்வில் பியானோ கேட்பார்கள். பல வாத்தியங்களுக்கு எழுதிய பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் பியானோவில் சுருக்கி வாசிக்கச் சொல்வார்கள். சீட்டுக் காசில் ஏதாவது எடுப்பதென்றால் அதற்கு எடுங்கள். ஒரு பாடம் 30 யூரோ என்று வைத்தாலும் அந்த 3,500க்கு 116 பாடம் வரும்.

இரண்டு படிப்பும் ஒரு தேதியும்

வியோலாவா கண்டக்டிங்கா என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று அவன் நினைக்கிறான். முன்பு அப்படித்தான் இருந்தது. 2022இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இத்தாலியில் ஒரே நேரத்தில் இரண்டு உயர்படிப்புகளில் சேரலாம், இசைக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். நேரஅட்டவணை ஒத்துவருமா என்று செக்ரெத்தேரியாவில் (கல்லூரி அலுவலகத்தில்) கேளுங்கள். வியோலா மூன்று வருடப் படிப்பில் இந்த வருடமே சேரட்டும். பியானோ கொஞ்சம் கைக்கு வந்ததும் மற்றதற்கு விண்ணப்பிக்கட்டும். அரசுக் கல்லூரி என்பதால் உங்கள் 'ஈசே' (குடும்ப வருமானம், சொத்து பார்த்துப் போடும் கணக்கு) குறைவாக இருந்தால் கட்டணம் பெரும்பகுதி தள்ளுபடி ஆகும். ஆகவே ஈசேயை நேரத்துக்குப் புதுப்பித்து வைத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இந்தக் கடிதத்திலேயே அவசரமானது இதுதான். மகன் இத்தாலியில் பிறந்து, இடைவெளியில்லாமல் அங்கேயே பதிவோடு வாழ்ந்தவன் என்றால், 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி அவன் குடியுரிமை கேட்டு அறிவிப்புக் கொடுக்கலாம். அதற்கான காலம் 18 முடிந்ததிலிருந்து ஒரே ஒரு வருடம். 19ஆவது பிறந்தநாளுக்கு முன் கொமூனேயின் (நகராட்சியின்) ஸ்தாத்தோ சிவிலே என்ற குடிமக்கள் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். 250 யூரோ கட்டணம் உண்டு. 18 ஆவதற்கு முன்னால் கொமூனே இதைக் கடிதமாகத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தேதி தாண்டிய பிறகும் உரிமை இருக்கும், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

இதை இசைக் கடிதத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. அபாதோ முதல் இசை இயக்குநராக இருந்த ஐரோப்பிய இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா, 16 முதல் 26 வயது வரையான ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கானது. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் அந்தத் தேர்வில் வில்லை எடுக்கவே முடியாது. மூத்தி 2004இல் தொடங்கிய கெருபினி ஆர்க்கெஸ்ட்ராவும் முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, மூன்று வருடம் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் வியோலாதான் நுழைவுச் சீட்டு. நல்ல வயலின்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், வியோலாவுக்கு அவ்வளவு கூட்டம் இருக்காது. ஒன்பது வயதில் வயலின் கிடைக்காமல் போனது அவனுக்கு அதிர்ஷ்டமாகக்கூட முடியலாம்.

மகனிடம் கதைக்கும்போது, இது வேண்டாம் என்று தொடங்காதீர்கள். விலகிப்போன அந்த இரண்டு பேரிடமும் அவனே போய் மன்னிப்புக் கேட்கட்டும், அதை மட்டும் நீங்கள் விடாமல் சொல்லுங்கள். அவர்கள் வந்தால் இன்னும் நாலைந்து பேரைச் சேர்த்து, மொசார்ட்டின் சின்னத் திவெர்த்திமென்தோ (சிறு குழுவுக்கான இலகுவான இசை) ஒன்றை எடுக்கட்டும். ஒரு நாள் அவன் நின்று நடத்தட்டும். மறுநாள் வேறொருவர் நடத்த, இவன் வியோலாவோடு உட்காரட்டும். வீடியோ எடுப்பதென்றால் கேமராவை அவனுக்குப் பின்னால் வைக்க வேண்டாம், அவனுக்கும் வாசிப்பவர்களுக்கும் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன், வரும் திங்கட்கிழமை, கொமூனேக்குப் போய்விடுங்கள்.